ஆடி வெள்ளி, ஆவணி ஞாயிறு: தென்காசிக்குத் திரும்பி வந்த கிரகணம்

தென்காசி வட்டாரத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் ஒரே கிரகணத்தை இரண்டு தடவை சந்தித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. முதல் தடவை 1971 ஆகஸ்ட் 6. விரோதிகிருது வருஷம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. அடுத்த தடவை 2025 செப்டம்பர் 7. விசுவாவசு வருஷம், ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு இரவிலும் பௌர்ணமி நிலா முழுசாகப் பூமியின் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமாகி, நடுநிசி தாண்டி வெளியே வந்தது. இடையில் 54 வருஷமும் ஒரு மாதமும். வானியலார் இந்த இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்து, சாரோஸ் 128 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய குடும்பம் இது. 1304 ஜூன் 18-ல் பூமியின் புறநிழல் நிலவின் ஓரத்தை லேசாக உரசியதில் தொடங்கியது. பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்க அப்போது இன்னும் 140 வருஷம் போல இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வந்து, ஒவ்வொரு தடவையும் நிழலுக்குள் கொஞ்சம் கூடுதலாக இறங்கி, 1845 மே 21-ல்தான் முதல் முழுக் கிரகணமாக ஆனது. 1953 ஜூலை 26-ல் உச்சம். அன்று நிலா 100 நிமிஷத்துக்கு மேல் முழு நிழலில் கிடந்தது. 1971-ல் 99 நிமிஷம். 2025-ல் 82 நிமிஷம். 2097-க்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் முழுக் கிரகணம் கிடையாது. 2566-ல் கடைசிப் புறநிழல் கிரகணத்தோடு குடும்பமே முடிகிறது. மொத்தம் 71 கிரகணங்கள்.

ஏன் இப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பஞ்சாங்கம் புரட்டத் தெரிந்த யாரும் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். நிலவுக்கு மூன்று விதமான மாதம் உண்டு. பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5306 நாள். ராகுவிலிருந்து மறுபடி ராகுவுக்கு 27.2122 நாள்; நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளுக்குத்தான் நம் கணித நூல்கள் ராகு என்றும் கேது என்றும் பெயர் வைத்தன. பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மறுபடி அதே நிலைக்கு 27.5546 நாள். முதலாவதை 223-ஆலும், இரண்டாவதை 242-ஆலும், மூன்றாவதை 239-ஆலும் பெருக்கிப் பாருங்கள். மூன்றும் 6585 நாள் சொச்சத்தில் வந்து நிற்கும். அதாவது 18 வருஷம், 11 நாள், 8 மணி நேரம். அவ்வளவு காலம் கழித்து அதே பௌர்ணமி, அதே ராகு கேதுச் சந்திப்பு, பூமியிலிருந்து ஏறக்குறைய அதே தூரம். ஆகவே ஏறக்குறைய அதே கிரகணம்.

பாபிலோனியாவில் களிமண் பலகைகளில் தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களைக் குறித்து வைத்தவர்களுக்கு இந்தச் சுற்று தெரிந்திருந்தது. கிரேக்கக் கடலில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 1901-ல் எடுத்த அந்திகிதெரா இயந்திரத்தில், 223 மாதங்களுக்கு 223 கட்டம் போட்ட ஒரு சுருள்வட்டமே இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன வட்டம், மூன்று சுற்றைச் சேர்த்து எண்ணுவதற்காக. அந்த மூன்றில்தான் தென்காசியின் கதை இருக்கிறது.

18 வருஷம் 11 நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 8 மணி நேரத்தில் பூமி தன் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். ஒரு ஊருக்கு இரவில் தெரிந்த கிரகணம் அடுத்த சுற்றில் வேறொரு கண்டத்துக்குப் போய்விடும். 1971-ல் நமக்கு நள்ளிரவில் தெரிந்தது, 1989 ஆகஸ்ட் 17-ல் காலை எட்டரைக்கு மேல் உச்சத்தைத் தொட்டது. நிழல் நிலவைத் தொடுமுன்பே தென்காசியில் நிலா மறைந்தாயிற்று. 2007 ஆகஸ்ட் 28-ல் சாயங்காலம் நாலு மணிக்கு உச்சம். நிலா கிழக்கே எழுமுன்பே நிழல் விலகிவிட்டது. மூன்றாவது சுற்றில்தான் 8 மணி நேரம் மூன்றும் சேர்ந்து ஒரு முழு நாளாகி, கிரகணம் மறுபடி நம் இரவுக்கே வந்து சேர்ந்தது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. பன்னிரண்டு ராசியையும் சுற்றிவர 18.6 வருஷம் ஆகிறது. பதினெட்டு என்ற எண் பொதுவாக இருப்பதால் இதையும் சாரோஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. ராகு கேது ராசிச் சக்கரத்தைச் சுற்றிவரும் கணக்கு வேறு. கிரகணம் திரும்பி வரும் கணக்கு வேறு. சாரோஸ் சுற்றில் கிரகணம் அதே ராசிப் பாகையில் நடப்பதில்லை. கூடுதல் 11 நாளால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 11 பாகை தள்ளிப்போகும். 1971-ல் நிலா மகர ராசியில் திருவோணத்தில் இருந்தபோது கிரகணம் பிடித்தது. 2025-ல் கும்ப ராசியில் பூரட்டாதியில். மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு ராசி.

நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமையளிக்கும் சங்கதி. 1825-ல் ஜான் வாரன் என்பவர் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். முன்பு சென்னை வானோக்கு நிலையத்தில் பொறுப்பு வகித்தவர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைத் தேடிப் பிடித்து, அந்த வருஷம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டச் சொன்னார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிக் கூட்டிக் கழித்தார் அவர். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், விடும் நேரத்தில் 52 நிமிஷம் பிசகு. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டீலும் இதே முறையை ஒரு தமிழரிடம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ் முறையில் போட்ட கணக்கு 41 விநாடிதான் தவறியது. அன்றைக்கு ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி தவறியது.

அந்த வாக்கியங்கள் 248. வரருசி பெயரால் வழங்குபவை. எழுத்துக்கு எண் என்ற முறையில், ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் ஒரு நாளைய நிலவின் இருப்பிடம் ஒளிந்திருக்கும். ஏன் 248? நிலா பூமிக்கு அருகே வந்து திரும்பும் அந்த மூன்றாவது மாதத்தில் ஒன்பது சேர்ந்தால் 248 நாள். மலைக்கு மேற்கே, கேரளத்தில் பரமேசுவரன் என்ற கணிதர் வருஷக்கணக்கில் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்குக்கும் வானத்துக்கும் இடையே விழுந்த இடைவெளியைத் திருத்தி 1431-ல் ‘திருக்கணிதம்’ எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதே கொள்கையோடு திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அவர்கள் பிடித்த பிடி. சந்திரனைப் பாம்பு விழுங்குகிறது என்று கதை சொன்ன அதே நாட்டில், ஆரியபடர் 499-லேயே அது பூமியின் நிழல் என்று எழுதியாயிற்று. கதையும் கணக்கும் ஒரே வீட்டில் குடியிருந்தன. கதை சமையலறை வரைக்கும் வந்தது. கணக்கு திண்ணையோடு நின்றுவிட்டது.

1971-ல் எங்கள் வீட்டில் நான் பார்த்தது அதைத்தான்.

அன்று பொழுது சாயுமுன்பே ராச்சாப்பாடு முடிந்தது. அரைத்த மாவு, ஊறுகாய் ஜாடி, மோர்ச்சட்டி எல்லாவற்றிலும் ஆச்சி ஒரு தர்ப்பைப்புல்லைக் கிள்ளிப் போட்டாள். பிறகு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பூண் போட்ட உலக்கையை அதன் நடுவில் நிறுத்தினாள். கையை எடுத்தாள். உலக்கை நின்றது. தெருப்பிள்ளைகள் நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். கிரகணம் பிடித்திருக்கும் வரை நிற்கும், விட்டதும் விழும் என்றாள் ஆச்சி. அடி தட்டையாக, எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்கிற உலக்கை எந்த நாளும் நிற்கும் என்பதைப் பின்னாளில் அமாவாசை, பௌர்ணமி எதுவுமில்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கடிகாரம் கிடையாது. கிரகணம் நடந்துகொண்டிருக்கிறது என்பதை வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்தும் அடையாளமாக அந்த உலக்கை நின்றது என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தி அப்போது முழுகாமல் இருந்தாள். ஜன்னல் இல்லாத உள் அறையில் அவளைப் படுக்க வைத்து, கதவிடுக்கில் பழைய வேட்டியைத் திணித்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆச்சி, சித்தி தண்ணி கேக்கா.”

“பாம்பு விடட்டும்ல. ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிராது. நீ வாசல்ல போயி இரி.”

நிழல் நிலவைத் தொட்டது ராத்திரி பதினொன்றரை வாக்கில். முழுசாக விட்டது மூன்று மணிக்கு. ஆச்சி சொன்ன ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சித்தி நாக்கு வறண்டு கிடந்தாள். மார்கழியில் பையன் பிறந்தான், ஒரு குறையும் இல்லாமல். சித்தி வெளியே தலைகாட்டாமல் இருந்ததுதான் காரணம் என்று ஆச்சி சொன்னாள். குறையோடு பிறந்திருந்தால் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் தோற்காத நம்பிக்கை அது. கிரகணம் பட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பதுதான் பயம். ஆனால் குழந்தையின் உதடு கூடுவது கர்ப்பத்தின் நாலாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில்; சித்தி அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டிருந்தாள். அதைச் சொல்ல அன்று எங்கள் தெருவில் ஆள் இல்லை.

ஆனால் வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆண்களும் கிழவிகளும் பிள்ளைகளும் தெருவிலேயே இருந்தார்கள். குற்றால மலைப் பக்கமிருந்து சாரல் மேகம் வந்து மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. விலகிய நேரங்களில் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. பௌர்ணமி இரவில் நட்சத்திரம் தெரியாது; நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் அடித்துவிடும். முழுக் கிரகணம் பிடித்ததும் அந்த வெளிச்சம் அணைந்து, ஒன்றுமில்லாத வானத்தில் பால்வீதி முழுசாக எழுந்து வந்தது. தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிந்த குண்டு பல்புகளால் அதைத் தொட முடியவில்லை. சிவந்த நிலவுக்குப் பக்கத்தில் அதைவிடச் சிவப்பாக ஒன்று நின்றது. செவ்வாய். நாலே நாளில், ஆகஸ்ட் 10-ல், அது சூரியனுக்கு நேர் எதிரே வரவிருந்தது, பூமிக்கு 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கிய வருஷம் அது. (2018 ஜூலை 27 இரவு, இந்த நூற்றாண்டின் நீளமான முழுக் கிரகணத்தின்போதும் செவ்வாய் இப்படியே பக்கத்தில் நின்றது. அது சாரோஸ் 129, வேறு குடும்பம்.)

அன்று வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அப்பல்லோ 15-ன் மூன்று பேர், ஸ்காட், இர்வின், வோர்டன், நிலவிலிருந்து பூமிக்குத் திரும்பும் வழியில் இருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர்களில் இருவர் நிலவில் வண்டியே ஓட்டியிருந்தார்கள். அடுத்த நாள் பசிபிக் கடலில் இறங்கினார்கள். திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கி ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகியிருந்தது. ரேடியோப்பெட்டி இருந்த திண்ணைகளில் அப்பல்லோ பேச்சும் பாம்புப் பேச்சும் மாறி மாறி நடந்தன.

தெருவிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். கோபுரம் என்று சொல்வது வழக்கத்தால். மேல்நிலைகள் போய் மொட்டையாக நின்ற கல்காரம்தான் அப்போது இருந்தது. மொட்டைக் கோபுரம் என்றுதான் ஊரே சொல்லும். இன்று காண்கிற ஒன்பது நிலை ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். சாரோஸ் 128-ன் 1971 நிலாவும் 2025 நிலாவும் ஒரே ஊருக்கு மேலே வந்தன; ஆனால் முதல் தடவை அதன் கீழே கோபுரம் இல்லை. தன் கோயில் பிற்காலத்தில் சிதைந்தால் அதைச் செப்பனிடுகிறவர்களின் பாதங்களைப் பணிவதாகக் கல்லில் வெட்டி வைத்தவன் பராக்கிரம பாண்டியன். அந்தச் செப்பனிடல் நடந்தது இரண்டு கிரகணங்களுக்கும் இடையில்.

கிரகணம் விட்டதும் ஊர் குற்றாலத்தை நோக்கி நடந்தது. ஐந்து கிலோமீட்டர் சொச்சம். விடியுமுன்பு பேரருவியில் தலை கொடுத்தால் கிரகணத் தீட்டுப் போகும். சாமி கும்பிடுகிறவருக்கு அது தீட்டுக் கழிக்கும் முழுக்கு. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு நடுராத்திரியில் அருவிக்குப் போக ஊர் கொடுத்த அனுமதி. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி நிலவைப் பழித்துப் பேசும் இடம் ஒன்று உண்டு. அந்தக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இதே வழியில் உள்ள மேலகரத்துக்காரர். அந்த ஊரைத் தாண்டித்தான் நடந்தோம்.

இனி 2025.

தென்காசி 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம். கிரகணம் ராத்திரி 9.57-க்குத் தொடங்கும், 11.01-க்கு முழுசாகப் பிடிக்கும், 12.22 வரை இருக்கும், 1.26-க்கு விடும் என்று நிமிஷக் கணக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவர் கைபேசியிலும் இருந்தது. புதுச்சேரிச் சோழிக் கணிதர் தவறவிட்ட 52 நிமிஷம் இப்போது ஒரு நிமிஷம்கூட இல்லை. கணக்கைப் பொறுத்தவரை நாம் முழுசாக வென்றுவிட்டோம்.

மகேந்திரகிரியில் சோதித்த இயந்திரங்கள் உந்திய கலங்கள் நிலவுக்குப் போயிருக்கின்றன. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவின் தென்பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். கிரகணம் பிடித்த அந்த இரவில் சந்திரயான்-2 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலவைச் சுற்றும் கலத்துக்குக் கிரகணம் என்பது சூரிய ஒளி குறைந்து மின்கலத்தை நம்பி ஓட்ட வேண்டிய நேரம். அங்கேயும் கிரகணத்துக்கு ஒரு முன்னேற்பாடு உண்டு, தர்ப்பை இல்லாமல்.

ஆனால் என் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு அன்று ஐந்து மாதம். கணினித் துறையில் வேலை பார்க்கிறவள். அவள் கைபேசிக்கு அன்று வந்த செய்திகளை எனக்குக் காட்டினாள். கத்தி, கத்தரிக்கோல் எடுக்காதே. ஊசி தொடாதே. காலை மடக்காதே. ஜன்னலைச் சாத்தி அலுமினியத் தாளை ஒட்டு. எந்தெந்த நட்சத்திரக்காரர் பரிகாரம் செய்ய வேண்டும் என்று வண்ணப் பட்டியல். ‘புற ஊதாக் கதிர் கருவைத் தாக்கும்’ என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் பேசும் காணொளி. இந்தக் கடைசியைக் கண்டுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. சந்திர கிரகணத்தின்போது நிலவிலிருந்து வருவது வழக்கத்தைவிடக் குறைந்த ஒளி. அதில் புதிதாக எந்தக் கதிரும் கிடையாது. ஆச்சி பாம்பை நம்பினாள். அது அவளுக்குத் தெரிந்த ஒரே விளக்கம். இன்று அதே பயத்துக்கு அறிவியல் சட்டை மாட்டி விற்கிறார்கள். ஆச்சியின் பயம் எங்கள் தெருவோடு நின்றது; இது ஒரே சாயங்காலத்தில் ஊரையும் நாட்டையும் தாண்டிப் போகிறது.

அவளும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். மாமியார் சொன்னார் என்பதால். ஒரே வித்தியாசம், படுக்கை ஓரத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. “தாத்தா, டாக்டர் தண்ணி மட்டும் விடாம குடிக்கச் சொல்லிட்டாங்க” என்றாள். 54 வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு கர்ப்பிணி அடைந்த முன்னேற்றம் ஒரு பாட்டில் தண்ணீர். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை இருக்கிற கர்ப்பிணிக்குப் பல மணி நேரப் பட்டினி உண்மையான ஆபத்து. நிலவில் விழும் நிழல் ஆபத்தே இல்லை.

வெளியே தெருவில் யாரும் இல்லை. 1971-ல் ஊரே வெளியே நின்றதும், 2025-ல் அதே ஊர் வீட்டுக்குள் நேரலை பார்த்ததும் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. நேரலையில் நிலா பெரிசாக, தெளிவாக, மேகம் மறைக்காமல் தெரிந்தது உண்மைதான். எங்கோ உள்ள தொலைநோக்கியின் கண் அது. ஆனால் திரையில் வானம் கறுக்காது. கிரகணத்தில் நிலா சிவப்பது பாதிதான். மற்றப் பாதி, அந்த நேரத்தில் நட்சத்திரங்கள் திரும்பி வருவது. மொட்டை மாடியில் ஏறினேன். நிலா சிவந்தது. சற்றுத் தள்ளிக் கிழக்கே சனி நின்றது. பால்வீதி வரவில்லை. பேருந்து நிலையப் பக்கத்து உயர்கோபுர விளக்குகள், ஜவுளிக்கடை விளம்பரப் பலகைகள், தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. குற்றாலப் பக்கம் மலையடிவாரமே வெளிச்சமாக இருந்தது. நிலா அணைந்தும் இருட்டவில்லை என்பது நான் எதிர்பார்க்காத மாற்றம்.

அருவியில் விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. அதன் பிறகு கட்டுப்பாடுகள் கூடின; அவை தேவை. நடுராத்திரி ஊர் திரண்டு அருவிக்கு நடந்துபோன காலம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் யாருமில்லாத தெருவுக்கும் மூடிய கடைக்கும் விடிய விடிய எதற்கு அவ்வளவு வெளிச்சம்?

கிரகணத்தில் இன்னும் ஒன்று நம் கண்ணை எதிர்பார்க்கிறது. எவ்வளவு துல்லியமாக நேரம் சொன்னாலும், நிலா எந்தச் சிவப்பில் இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது. பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று வழியாக வளைந்து போகும் சூரிய ஒளிதான் நிலவில் விழுகிறது. நீலத்தைக் காற்று சிதறடித்துவிடுவதால் சிவப்பு மிஞ்சுகிறது. காற்றில் தூசும் எரிமலைச் சாம்பலும் கூடினால் நிலா கறுத்துப்போகும். 1991-ல் பிலிப்பைன்ஸில் பினடூபோ வெடித்ததற்கு அடுத்த வருஷ டிசம்பர் கிரகணம் மிகவும் இருண்டு தெரிந்தது. பிரெஞ்சு வானியலார் ஆந்திரே தான்ழோன் இதற்கு 0 முதல் 4 வரை ஒரு அளவு கொடுத்தார்: 0 என்றால் நிலா தேடினாலும் தெரியாத கருமை, 4 என்றால் பளிச்சென்ற செம்பு. கருவி எதுவும் வேண்டாம். வெறும் கண்ணால் பார்த்து ஒரு எண் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேலகரத்தில் ஒரு எண், செங்கோட்டையில் ஒரு எண், இலஞ்சியில் ஒரு எண் என்று எழுதி வைத்தால், அது நம் பகுதிக்கு ஒரு பதிவாகும். பரமேசுவரன் செய்ததும் கண்ணால் பார்த்து எழுதி வைத்ததுதான்.

சாரோஸ் 128 அடுத்து 2043 செப்டம்பர் 19-ல் வரும். நமக்கு விடியலில் தொடக்கம் மட்டும் தெரிந்து நிலா மலைக்குப் பின்னால் மறையும். 2061-ல் நமக்குப் பகல். முழுசாக நம் இரவுக்கு வருவது 2079 அக்டோபர் 10, ராத்திரி பதினொரு மணி வாக்கில். 2025-ல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது அறுபத்துநாலு.

அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. வேறு குடும்பத்துக் கிரகணம் ஒன்று 2028 டிசம்பர் 31 இரவு வருகிறது. எட்டரை மணி வாக்கில் பிடிக்கத் தொடங்கும், பத்தேகாலுக்கு மேல் உச்சம், 71 நிமிஷம் முழுசாக மறைந்திருக்கும், புத்தாண்டு பிறந்து சில நிமிஷத்தில் விடும். நிலா அன்று திருவாதிரை நட்சத்திரத்தில் இருக்கும். மார்கழித் திருவாதிரை குற்றாலம் சித்திர சபைக்கு எப்பேர்ப்பட்ட நாள் என்பது இந்த வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் நடை எப்போது சாத்துவது, எப்போது திறப்பது என்பதைக் கோயில்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாம் செய்ய வேண்டியது வேறு. அன்று புத்தாண்டுக்காகக் கூடுதல் விளக்கு போடுகிற கடைக்காரர்கள் ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்று வரை அவற்றை அணைத்துவைக்கட்டும். ஊராட்சிகளும் நகராட்சியும் ஒரு குளத்தங்கரையையோ பள்ளி மைதானத்தையோ அந்த நேரத்துக்கு மட்டும் இருட்டாக வைத்துக் கொடுக்கட்டும். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சந்திர கிரகணம் கண்ணுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பசிக்கும்போது சாப்பாடு போடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், அவருக்கு விருப்பம் இருந்தால் ஒரு நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார வையுங்கள்.